இரண்டு பேருக்கான பஸ் காசு

எமர்ஜென்சி காலத்தில் எங்கள் கடத்தூர்ப் பக்கத்து ஆண்களுக்கு ஜீப் சத்தம் கேட்டால் போதும், கால் தரையில் நிற்காது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் காசும் கொடுத்து அனுப்புகிறார்களாம். இந்தச் செய்தி எத்தனை வாய் மாறியதோ, எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது தலைகீழாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் பஸ் காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டவனைப் பிடித்து ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் கண்ணில் புரை. இன்னொரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது, உள்ளது இது ஒன்றுதான். தர்மபுரியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் ஆனது. துணைக்கு என் வீட்டுக்காரர் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அங்கிருந்த கிளார்க், "நோயாளிக்கும் கூட வந்தவங்களுக்கும் பஸ் காசு உண்டுங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார். அவ்வளவுதான். கண்கட்டோடு நின்ற மாமனாரை இழுத்துக்கொண்டு மனுஷன் ஓடிவந்துவிட்டார். கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தைக்கூட வாங்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலமாகியும் குழந்தை இல்லை, அதனால் அவர் பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் என்னிடம் மட்டும் அத்தனை உறுமல் உறுமுகிறவர், ஒரு பேனாவைக் கண்டு இப்படியா ஓடுவார்?

சில நாளிலேயே அப்பாவின் கண் சிவந்து, நீராக வடிய ஆரம்பித்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அப்பா அசையவில்லை.

"மாப்பிள்ளய அங்க அனுப்பாத. என் கண்ணு போனாப் போவுது."

"அவரு வர்லப்பா. நான் வர்றேன்."

"உன்ன மட்டும் உட்ருவாங்களா?"

பெண்களுக்கும் அந்த ஆபரேஷன் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பாவின் கண்ணை நினைத்தால் போகச் சொல்கிறது, என்னை நினைத்தால் வேண்டாம் என்கிறது. காலையில், "மருந்து மட்டும் வாங்கிட்டு ஓடியாந்துரலாம், காசுப் பக்கமே போவ வேணாம்" என்று சொல்லித்தான் அப்பாவை பஸ் ஏற்றினேன். வழி நெடுக அவர் என் கையை விடவில்லை. யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று தெரியவில்லை.

டாக்டர் சத்தம் போட்டார். "இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா பார்வையே போயிருக்கும்மா" என்று திட்டிக்கொண்டே கண்ணைக் கழுவி, மருந்து விட்டு, மறுபடியும் கட்டினார். பார்வை தப்பியது என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. சொட்டு மருந்தை மடியில் முடிந்துகொண்டு, அப்பாவைப் பிடித்து வேகவேகமாக வாசலுக்கு நடத்தினேன்.

"பெரியவரே, நில்லுங்க! போன தடவையும் காசு வாங்காமப் போய்ட்டீங்க."

அந்தக் கிளார்க்தான். வழியை மறித்தமாதிரி வந்து நின்று, மேசைக்கு அழைத்துப் போனார். "நீதானம்மா கூட வந்தது? நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்றார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பின்னால் தள்ளினார். கட்டிய கண்ணோடு மேசையைத் தடவித் தடவி மைப்பெட்டியைக் கண்டுபிடித்து, கட்டைவிரலை அதில் அழுத்தினார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நானே கைநாட்டு வெக்கறேனுங்க. அந்த ஆப்ரேசன எனக்கே பண்ணிக்கங்க. எம்பொண்ணு இன்னும் ஒண்ணும் பெத்துக்கல சாமி, அவள உட்ருங்க."

கிளார்க்குக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பெரியவரே, இது நீங்க வந்துபோற பஸ்ஸுக்குக் காசு. வேற ஒண்ணுமில்லீங்க. சத்தியமா."

அப்பா நம்பவில்லை. மை வைத்த விரலை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு, பக்கத்துப் பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார்.

"சரிங்க. அவள மொதல்ல பஸ் ஏத்தி உட்ருங்க. நான் இங்கயே இருக்கறேன்."