நன்றியுரைப் பெண்

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை என் தலையில்தான் விழும். திருவிழா ஆலோசனைக் கூட்டமோ, பொங்கல் விழாவோ, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாளோ, எதுவானாலும் சரி. ஆண்கள் எல்லாம் பேசி முடித்து, நாற்காலிகள் நெளியத் தொடங்கி, மண்டபத்துக்குப் பின்னாலிருந்து மீ கோரேங் நூடுல்ஸ் வாசனை வரும் நேரத்தில் கோயில் தலைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய ஒரே குற்றத்துக்கு, வேலைக்குப் போன பிறகும் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. அம்மனுக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, வந்தவருக்கு நன்றி, மைக் வைத்தவருக்கு நன்றி, சமையல்கட்டுக்கு நன்றி. கடைசியாக 'நன்றி வணக்கம்' என்று நான் சொன்னால்தான் எல்லாரும் எழுந்திருப்பார்கள், சட்டி மூடியைத் திறப்பார்கள். அதற்கு முன் எழுந்தால் அம்மனையே அவமதித்த மாதிரி. இதை யார் சட்டமாக்கினார்கள் என்று தெரியாது. எவ்வளவு பசித்தாலும் தலைவர்கூட அதை மீறியதில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒருவன் கடத்திக் கொன்றான்.

அவளும் நானும் செனாவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். பஸ்ஸில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். தொழிற்சாலை வாசல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தூங்கவே இல்லை என்று சாதிப்பாள். அந்த வாரம் எனக்கு மாலை ஷிப்ட், அவளுக்குக் காலை ஷிப்ட். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த ஷிப்டுக்கு வேறு யாரும் இல்லை. விடியாத நேரத்தில் செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் தனியாக நடந்து, பெரிய ரோட்டுச் சந்திப்பான சிம்பாங்கில் பஸ்ஸுக்காக நின்றாள். ஒரு கார் வந்து நின்றது. மறுநாள் அவளை வேறு ஒரு காட்டோரத்தில் கண்டெடுத்தார்கள். ஆளையும் போலீஸ் பிடித்துவிட்டது. அவளுக்கு முன்பின் தெரியாதவன், பலவந்தமாகக் காரில் இழுத்திருக்கிறான் என்று போலீசே சொன்னது.

அதோடு பேச்சு நின்றிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்போதுதான் ஆரம்பித்தது. லோபாக் பகுதிச் சாப்பாட்டுக் கடையிலும், முடிவெட்டும் கடையிலும், முகநூலிலும் அவள்தான் பேச்சு. கைதானவனைப் பற்றி ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவள் என்ன உடுத்தினாள், யாரோடு போனில் பேசினாள், ஏன் தனியாகப் போனாள் என்பதுதான் கேள்வி. எவனோ ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு விட்டான். அந்தப் பெண் பிடிபட்டவனோடு ஏற்கெனவே பழக்கமாம், தானாகத்தான் காரில் ஏறினாளாம். பேசியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் தோட்டத்துக் குழுவிலேயே அது நான்கு பேர் கைமாறி எனக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒருவர் அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு மோட்டாரில் ஓடியவர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பேச்சின் பலன் வீட்டுக்கு வீடு தெரிந்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னையும்தான். என் அப்பா லோரி ஓட்டுபவர், அதட்டத் தெரியாத மனுஷன். அவர் என் தொழிற்சாலைச் சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "உசுரு முக்கியமா, வேல முக்கியமா" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு டீவி பார்க்கப் போய்விட்டார். நான் அப்போதுதான் லைன் லீடர் ஆகியிருந்தேன். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போடுவோம் என்று சூப்பர்வைசர் போன் பண்ணினாள். அந்த வேலைதான் என் கையில் இருந்த ஒரே சொந்தப் பொருள். அது போனால் அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். ராவாங்கில் ஒரு பையன் இருப்பதாக அம்மா காதில் யாரோ அதற்குள் போட்டும் விட்டார்கள்.

இந்த நிலையில்தான் தலைவர் இரங்கல் கூட்டம் வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் ஒரே மாதிரிதான் நடத்தத் தெரியும். குத்துவிளக்கு, தேவாரம், வரவேற்புரை, சிறப்புப் பேச்சாளர், பொன்னாடை. பேச்சாளருக்குப் பொன்னாடை போட்டார்கள். பிறகு இறந்தவளின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு அவருக்கும் போட்டு, படம் எடுத்தார்கள். நான் அத்தை என்று கூப்பிடும் அந்த அம்மா, சரிகை மின்னும் ஆரஞ்சுத் துணியைத் தோளில் சுமந்துகொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அதைக் கழற்றலாமா கூடாதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததற்குப் பொன்னாடை போட்ட ஊர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிறப்புப் பேச்சாளர் சிரம்பானிலிருந்து வந்தவர். நல்ல குரல்வளம். கைப்பேசி பெண் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றார். உடை பற்றிச் சொன்னார். விளக்கு வைத்த பிறகும் விடிவதற்கு முன்பும் வாசலைத் தாண்டாத பெண்கள் வாழ்ந்த காலம் பற்றி உருகினார். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் விடியுமுன்னே எழுந்து பெரட்டில் பேர் கொடுத்து, இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். கேள்வி நேரத்தில் ஒரு மாமா எழுந்து, தப்பாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, அந்தக் குரல்பதிவில் வந்ததை அப்படியே சொன்னார். அத்தை தலை நிமிரவில்லை. பொன்னாடையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தலைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மைக்கைப் பிடிக்கும்வரை நான் எதையும் திட்டம் போடவில்லை. வழக்கப்படி அம்மனுக்கும் தலைவருக்கும் நன்றி சொன்னேன். பிறகு பேச்சாளர் பக்கம் திரும்பினேன். பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று எடுத்துச் சொன்ன ஐயாவுக்கு நன்றி என்றேன். என் தோழி அன்றைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட தொழிற்சாலைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டிருந்தாள், அது போதாது என்றால் வேறு என்ன போடலாம் என்று சொல்லி அனுப்பினால் நன்றியோடு இருப்போம் என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். முகம் தெரியாத ஒருவன் பேசியதை இத்தனை வேகமாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்த அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் நன்றி, உங்களைத் தபால் இலாகா இன்னும் கூப்பிடாதது அவர்கள் நஷ்டம் என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எழப்போனார். எழ முடியவில்லை. நன்றியுரை முடியாமல் எழுந்தவர் யாருமில்லை.

அடுத்ததை நான் சத்தம் குறைத்துத்தான் சொன்னேன்.

"இவ்வளவு நேரம் எல்லாரும் பேசினீர்கள். அவள் உடையைப் பேசினீர்கள், அவள் போனைப் பேசினீர்கள். பாலாங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் அந்த வேலையை நான் செய்கிறேன். பொழுது சாய்ந்தால் மூடி, ஆபீஸ் திறந்த பிறகு திறக்கும் நம் தோட்டத்துப் பாலாங்குக்கு நன்றி. அது செம்பனைக் குலையைக் காப்பாற்றியது. அது மூடியிருந்ததால்தான் தொழிற்சாலை பஸ் உள்ளே வரவில்லை. பஸ் வராததால்தான் அவள் சிம்பாங்குக்கு நடந்தாள்."

பாலாங் என்றால் தோட்டச் சாலைக்குக் குறுக்கே கிடக்கும் இரும்புக் கட்டை. பழத் திருட்டு அதிகமான பிறகு போட்டார்கள். மோட்டார் ஓரமாக நுழைந்துவிடும், பஸ் நுழையாது. நாங்கள் தினமும் அதைத் தாண்டிப் போனோம், வந்தோம். இங்கே இருந்தவர்களில் தோட்டத்துக்கு இப்போது வேலை செய்பவர் ஒருவர்கூட இல்லை. குலை வெட்டுவது எல்லாம் வெளிநாட்டு ஆட்கள். இருந்தும் துரை ஆபீஸ் போட்ட கட்டையைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. வேலை வாங்கிய மண்டோருக்கும் கணக்கெழுதிய கிராணிக்கும் பயந்த பயம் அந்த வேலைகள் போன பிறகும் எங்களோடு குடியிருந்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"சமையல்கட்டுக்கு நன்றி. இதோடு முடித்து நான் நன்றி வணக்கம் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லமாட்டேன். நாளைக்குப் பாலாங்கைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆபீசுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்."

தலைவர், "என்னாம்மா இது" என்றார். பசியோடு இருந்த பிள்ளைகள் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சமையல்கட்டுக் கதவில் நின்ற அக்கா கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, மூடிய சட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைத்தட்டல் அதுதான்.

முதலில் எழுந்தது அத்தை. தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, அவசரமில்லாமல் மடித்து, நாற்காலியில் வைத்தார்.

"நான் வரேன்" என்றார். "எம் பொண்ணு நல்ல பொண்ணு. அதயும் அங்க வந்து சொல்லுவேன்."

அதன் பிறகு பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அப்பா கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாளைக்கு நான் லோரி எடுக்கல" என்றார். எங்கள் அப்பாவுக்கு அது பெரிய மேடைப் பேச்சு. தலைவரும் கடைசியில் கையைத் தூக்கினார். நான் நன்றி வணக்கம் சொன்னேன். மீ கோரேங் ஆறிப்போயிருந்தது, ஆனால் அன்றைக்கு மிச்சமில்லாமல் தீர்ந்தது.

மறுநாள் ஆபீஸ் படியில் பெரியவர்கள் சிலர் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார்கள். அத்தை செருப்போடு ஏறினார். அவர் பின்னால் நாங்களும் ஏறினோம். மேனேஜர் மாற்றலாகி வந்து கொஞ்ச காலமே ஆன மலாய்க்கார இளைஞர். இத்தனை பேரைப் பார்த்துப் பயந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அத்தை தன் மகளைப் பற்றிச் சொன்னார், நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, விடிகாலையில் காவலாளி பாலாங்கைத் திறந்துவிட ஏற்பாடு செய்கிறேன் என்றார். பிறகு, உண்மையாகவே புரியாமல், இதை ஏன் இத்தனை நாள் யாரும் வந்து கேட்கவில்லை என்று மலாயில் கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்துக்கு நடுவே அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இன்றும் சுடுகிறது.

பஸ் கம்பெனிக்காரர்கள், பிரச்சினை ஒன்றுமில்லை, பாதை இருந்தால் வருவோம் என்றார்கள். மாதக் கடைசிக்கு முன்பே அது வந்தது. பஸ் கோயில் முன்னால் வந்து திரும்பும் என்று கேள்விப்பட்டு, வேலைக்குப் போகாதவர்கள்கூட அந்த விடிகாலையில் தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். செம்பனை மட்டைகள் கூரையில் உரச, விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பழைய பஸ் உள்ளே நுழைந்தபோது யாரோ தேங்காய் உடைத்தார்கள். யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா என் சட்டையை முதல் நாளே எடுத்துக் கொடுத்திருந்தார், இஸ்திரிகூடப் போட்டிருந்தார். நான் ஏறினேன். மற்ற பெண்களும் ஏறினார்கள். ஊர் வாயை மூட நீதிமன்றம் தேவைப்படவில்லை, அத்தனை பெண்கள் வேலைக்குப் போனதே போதுமாக இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டிரைவர் கதவை மூடப் போனபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். கூட அவருடைய சின்ன மகள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். கையில் புதுத் தொழிற்சாலைச் சட்டை, தண்ணீர் பாட்டில். அத்தை தினமும் போலீசுக்கும் கோர்ட்டுக்குமாக அலைகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் தொழிற்சாலைக்கும் போய் வந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டுக் கதவைப் பூட்டி வைக்க ஊரிலேயே அதிக நியாயம் இருந்தவர் அவர்தான்.

மகளைப் படியில் ஏற்றிவிட்டு, டிரைவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது என் ரெண்டாவது பொண்ணு" என்றார். "இன்னைலேருந்து வேலைக்கு வருது."