வண்டிக்கு அடியில் ஒரு பெரிய டயர்

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசி. சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற சாலையில், மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது.

நானும் என் கணவரும் அரசு அலுவலக ஊழியர்கள். திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மழை பெய்தால் அந்த மண் காலையே விடாது, வண்டியையா விடும்? ரெண்டு தடவை மாட்டிக்கொண்டு டிராக்டர் வைத்து இழுத்த பிறகு, என் கணவர் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், அதற்கு இருந்த டயர்களைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் பெரிய டயர்களை மாட்டினார்.

சிக்கல் ஸ்டெப்னியில் வந்தது. அந்த வண்டிக்கு ஸ்டெப்னி பின்பக்கம் அடியில், ஒரு சங்கிலியில் தொங்கும். கம்பியை விட்டுச் சுற்றினால் கீழே இறங்கும், மறுபடி சுற்றினால் மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். பழைய டயருக்கு அளவெடுத்து வைத்த இடம் அது. பெரிய டயர் அதில் எப்படி அடங்கும்? மெக்கானிக் சொல்லத்தான் செய்தார், பின்கதவில் மாட்டிவிடலாம் என்று. இவர் கேட்கவில்லை. கதவு கனத்துவிடும், உரமூட்டை ஏற்ற இறக்கத் தொந்தரவு என்று சொல்லி, இரும்பை நெளித்து, தட்டி, நெருக்கி, அடியிலேயே மாட்டவைத்தார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொல்வார். வேகத்தடை ஏறினால் டயர் கரகரவென்று உரசும். நான் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அன்றைக்குத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பின்சக்கரம் ஒன்று பஞ்சர். கருவேல முள்ளோ என்னவோ, காற்று மொத்தமும் போய் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாலையை விட்டு ஓரத்தில் இறக்கி நிறுத்தினார். ரெண்டு பக்கமும் உழுத நிலம், ஓர் ஆள் கண்ணில் படவில்லை.

கம்பியை விட்டுச் சுற்றினார். ஸ்டெப்னி இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஆனால் வெளியே வரவில்லை. வண்டி தணிந்துவிட்டதால் பம்பருக்கும் தரைக்கும் இடையில் அந்தப் பெரிய டயர் நுழைய இடமில்லை. ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். அப்போதும் சங்கிலிக் கொக்கி டயர் நடுவில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"உள்ள போயி கழத்திட்டு வந்துருதேன்" என்றார்.

"வேண்டாங்க, யாராவது வரட்டும்" என்றேன்.

"ஒரு நிமிசம்ட்டி" என்று சொல்லிக்கொண்டே மல்லாந்து படுத்து, தலையும் நெஞ்சும் வண்டிக்கு அடியில் போகிற வரை நகர்ந்து போனார்.

கல் சாய்ந்ததை நான் பார்த்தேன். ஊறிக் கிடந்த மண், கல்லோடு சேர்த்து ஜாக்கியை ஒரு பக்கமாக விழுங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி 'தடால்' என்று இறங்கிவிட்டது.

அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அசையவில்லை. மண்ணில் விழுந்து குனிந்து பார்த்தேன். வண்டி முழுசாகத் தரைக்கு வரவில்லை. படுத்துக் கிடந்த அந்த ஸ்டெப்னி டயர்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. டயரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு இடம்தான் இவருக்குக் கிடைத்திருந்தது. நெஞ்சை இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. இடது கை டயருக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கியிருந்தது.

"கத்தாத. மூச்சு விட முடியுது. கைதான் வரமாட்டேங்கு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வேறு ஊருக்குப் போன வண்டி திரும்பி வர வேண்டும், கொஞ்ச நேரமாகும் என்றார்கள். பம்பரைப் பிடித்து ஒண்டியாகத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியாது என்று தெரிந்தும் தூக்கினேன். அதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். டயரும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கார் வந்தது. கையைக் காட்டினேன். வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்துவிட்டு, போய்விட்டது. அடுத்து வந்தது ஒரு டவுன் பஸ். இதையும் விடக்கூடாது என்று சாலை நடுவில் போய் நின்றுவிட்டேன். சேலை முழுக்கச் சேறு. என் கோலத்தைப் பார்த்து டிரைவர் என்ன நினைத்தாரோ, பிரேக் போட்டுத் தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, ரோட்டு நடுவுல வந்து நிக்கிய, சாகவா?"

வண்டியைக் கையால் காட்டினேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களை டிரைவர் பார்த்துவிட்டார். அடுத்த நொடி கீழே குதித்தவர், பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் எறங்குங்க! வண்டிக்கு அடியில ஆளு கெடக்கு!"

பஸ் மொத்தமும் இறங்கியது. வேலைக்குப் போகிறவர்கள், புத்தகப் பையோடு காலேஜ் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் பிச்சிப்பூ மூட்டை கொண்டுபோகிற பெண்கள். பாதிப்பேர் வந்த வேகத்தில் பம்பரைப் பிடித்துத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். வண்டி ஒரு பக்கம் மட்டும் எழும்பி, சாலையோரப் பள்ளத்துப் பக்கமாக நகர்ந்தது. உள்ளேயிருந்து இவர் அலறினார்.

"விடாதீய! மெதுவா எறக்குங்க, மெதுவா!" என்று டிரைவர் ஓடி வந்தார். கண்டக்டர் பஸ்ஸிலிருந்து, சக்கரம் உருளாமல் அண்டக் கொடுக்கிற மரக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை முன்சக்கரத்தில் வைத்து இறுக்கினார்கள். ஒன்றைக் கண்டக்டர் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் ஆட்களைப் பின்னாலும் பக்கவாட்டிலும் பிரித்து நிறுத்தினார். நானும் போய்ப் பிடித்தேன்.

"நீங்க வேண்டாம்மா. அண்ணாச்சிகிட்டப் பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க. மயங்க விட்டுராதீய" என்றார்.

மறுபடி மண்ணில் படுத்தேன். என்ன பேசுவது? வாயில் வந்தது இதுதான்: "ராத்திரிக்கு என்னங்க வைக்கட்டும்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இங்கன கெடக்கும்போது கேக்குற கேள்வியாட்டி இது?" என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "சொதி வையி" என்றார்.

டிரைவர் சத்தம் கொடுத்தார். எத்தனை கைகளோ எனக்குத் தெரியாது. வளையல் போட்ட கை, காய்ப்பு ஏறிய கை, மருதாணி வைத்த கை. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. இரும்பு இவர் நெஞ்சை விட்டு விலகியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த இடைவெளியில் கண்டக்டர் கட்டையைத் திணித்தார். ரெண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வெளியே வந்து, மேகத்தைப் பார்த்தபடி கிடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இவரைத் தூக்கி பஸ்ஸின் நீளமான பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார்.

"எங்கயும் நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு உடட்டா?"

"விடுங்க, விடுங்க" என்று பஸ் முழுக்கக் குரல். அதில் வழியில் இறங்க வேண்டியவர்கள் எத்தனை பேரோ. நிறுத்தங்களில் காத்திருந்தவர்கள் கையைக் காட்டி, நிற்காமல் போனதும் திட்டியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்களுக்கு எங்கே தெரியும்?

பூக்காரப் பெண் ஒருத்தி இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய மூட்டை வாய் பிரிந்து, பாதிப் பூ சேறாகக் கிடந்தது. வண்டியைத் தூக்குகிற அவசரத்தில் கீழே போட்டு, ஆட்கள் மிதித்திருந்தார்கள். "பூவெல்லாம் போச்சேம்மா" என்றேன்.

"அத விடுங்க மதினி. மொதல்ல அண்ணாச்சி கை ஆடாமப் பிடிங்க" என்றாள்.

இடது கையில் ரெண்டு விரல் எலும்பு முறிவு, விலாவில் ஒரு கீறல். அவ்வளவுதான். டயரின் ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்ததால்தான் கை தப்பியது என்றார் டாக்டர். வண்டியை எடுத்து வந்த மெக்கானிக், "பழைய சின்ன டயரா இருந்திருந்தா இடம் பத்தியிருக்காது அண்ணாச்சி" என்றார். கொஞ்சம் யோசித்து, "சின்ன டயரா இருந்திருந்தா நீங்க அடியில போயிருக்கவே வேண்டாம், அதுவும் உண்டு" என்றும் சொன்னார். அந்த டயரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை. இப்போது அது பின்கதவில் இருக்கிறது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அகலப் பலகை வண்டியிலேயே கிடக்கிறது. பலகை இருந்தாலும், ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக்கூடாது என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

கட்டுப் பிரித்ததும் ரெண்டு பேரும் பஸ் நிலையத்துக்குப் போய் அந்த டிரைவரைத் தேடினோம். ஷிப்டு மாறியிருந்ததால் பல நாள் அலைந்துதான் பிடித்தோம். இவர் கையைப் பிடித்துக்கொண்டதும் டிரைவருக்குக் கூச்சமாகிவிட்டது. "நான் பிரேக்கு போட்டேன், அவ்வளவுதான். தூக்குனது அவங்கல்லா?" என்றார். அவங்க யார் என்று கேட்டேன். "யாரைன்னு சொல்ல? ஏறுதாங்க, எறங்குதாங்க" என்று சிரித்தார். பூ மார்க்கெட்டிலும் தேடிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் அவளைப் போலவே இருந்தார்கள். அவளைக் காணவில்லை.

சேறும் பதற்றமுமாக இருந்த அந்த நேரத்தில் ஒரு முகம்கூட என் மனதில் சரியாகப் பதியவில்லை. என் வீட்டுக்காரரைத் தூக்கி என்னிடம் கொடுத்தவர்கள் இந்த ஊர்க் கூட்டத்துக்குள் எங்கேயோ ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். யாரென்று தெரியாததால், இப்போதெல்லாம் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து நின்றாலும், அன்றைக்குத் தூக்கியவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன்.