ரதி தனியாக வீடு சுற்றிய மாசி

என் இடுப்புக் கச்சை பூட்டவில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

போன வருஷத்துக்கு முந்திய கார்த்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாசிக் கூத்துக்கு உடுப்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மன்மதனின் இடுப்புக் கச்சையை எடுத்துக் கட்டினேன். இரண்டு முனையும் சந்திக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். அப்போதும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மன்மதன் முழுகாம இருக்காரா?"

சிரித்தேன். எதற்கும் சிரிப்பவன் நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது பொழுது போகவில்லை என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆனால் அன்று சிரித்து முடித்ததும் நெஞ்சு கனத்தது. நெஞ்சு மட்டும் கனத்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆள் மொத்தமாகவே எழுபத்தொன்பது கிலோ.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. காலையிலிருந்து சரிவில் குனிந்து நிற்க வேண்டும். அந்த வேலை செய்கிறவன் எவனும் குண்டாக மாட்டான். நான் ஆனேன்.

எங்கள் காமன் கூத்தைப் பார்த்திராத அடியார்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மாசியில் மூன்றாம் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவோம். அதற்குப் பிறகு நாள்தோறும் மன்மதனும் ரதியும் தப்பு முழங்க வீடு வீடாக ஆடிப் போவார்கள். கடைசியில் சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். ரதி அழுது முறையிடுவாள். மூன்றாம் நாள் அவனை எழுப்பிக் கொடுப்பார். மற்றவர்களுக்கு அது கூத்து. எங்களுக்கு வழிபாடு.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லை. அந்தப் பொட்டலில் விழுந்து, "ஒரு பிள்ளையைக் கொடு, ஏழு மாசி உன் வேஷம் கட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டேன். அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். ஆறு மாசி ஆடிவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி. அந்த ஒன்றுக்குத்தான் கச்சை பூட்டவில்லை.

குறைக்க நான் என்ன செய்யவில்லை? தேநீரில் சீனியை விட்டேன். காலையில் குரக்கன் கஞ்சி. பகலில் வல்லாரைச் சம்பலோடு ஒரு பிடி சோறு. இரவில் கீரை. வசந்தா சோற்றைச் சட்டி மூடியில் அளந்து போடுவாள். விடியுமுன் மலையுச்சி மாரியம்மன் கோயில் வரை ஓட்டமும் நடையுமாகப் போய் வருவேன். ஓடும்போது வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். இத்தனைக்கும் தை பிறந்தபோது எண்பத்திரண்டு கிலோ. முகம் சந்திரன் மாதிரி உருண்டுவிட்டது. பிடரியில் ஒரு திமில். கையும் காலும் மட்டும் குச்சி. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள். லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப் போகும்.

"பலாப்பழத்துக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்கீங்க" என்றாள் வசந்தா. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தோட்டத்து மருந்தகத்தில் காட்டினேன். டவுனில் கிளினிக்கில் காட்டினேன். இரத்தம் எடுத்தார்கள். தைரோயிட் சரியாகத்தான் இருந்தது. சீனி மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. "வேற ஏதும் மருந்து குடிக்கிறீங்களா?" என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு இடத்திலும் சொன்னேன். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயாடியான நான் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது அங்கேதான்.

கூத்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு ஆட்டம் பழக்குகிறவர் அவர்தான். நெடுநேரம் தேநீரை ஊதிக்கொண்டே இருந்தார்.

"தங்கராசு, குறை நினைக்காத. இந்த வருஷம் எமன் வேஷம் எடுத்துக்கிறியா? எமனுக்கு வயிறு இருந்தா எடுப்பா இருக்கும்."

"எருமையும் நானேவா மாஸ்டர்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏழாவது மாசியில் எமனாக நின்றால் நேர்த்தி எப்படித் தீரும்? அன்று மாலை தனியாகக் காமன் பொட்டலுக்குப் போனேன். புல்தான் இருந்தது. கம்பம் ஊன்றும் குழியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவனின் கண்பட்டு எரிந்ததால் மன்மதனுக்கு உடம்பு கிடையாது. உடம்பே இல்லாத சாமியிடம் போய் என் உடம்பைக் குறை என்று கேட்டவன் இந்த மலைநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சாமி, உனக்கு ஆடணும்னு கிடையா கெடக்கேன். தப்புச் சத்தம் கேட்டா காலு தன்னால தூக்குது. இந்த உடம்பு விடமாட்டேங்குது. என்ன செய்யிதுன்னும் தெரியல. நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு."

அதுதான் என் பிரார்த்தனை. மந்திரம் எதுவும் தெரியாது. அந்த மாதம் முழுவதும் தினமும் போய் இதையே சொன்னேன். அந்த ஏக்கத்தை எப்படி எழுதுவது? பெட்டிக்குள் கிடக்கும் சலங்கையைக்கூட எடுத்துப் பார்க்கமாட்டேன். பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

மாஸ்டரிடம் கெஞ்சினேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். கச்சைக்கு வசந்தா ஒட்டுத் துணி வைத்துத் தைத்தாள். கொழும்பிலிருந்து சிவலிங்கம் வந்து இறங்கினான். அவன்தான் என் ரதி. சாப்பாட்டுக் கடையில் வேலை. பதினோரு மாதம் கத்தை மீசை, மாசிக்கு மட்டும் மழுமழு. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான்.

"மச்சான், நான் கட்டிக்கிட்டது ஒரு ஆளத்தானே? மத்தவன் யாரு?"

காப்புக் கட்டினோம். காப்புக்கு விதி உண்டு. பொட்டலில் ஆக்கியதைத்தான் சாப்பிட வேண்டும். கடையில் வாங்கியது எதுவும் வாயில் படக்கூடாது. தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. கடைசி மாசியாச்சே என்று இந்த முறை விதியை நான் முழுசாகக் கடைப்பிடித்தேன். அதனால் ஒரு தூளையும் நிறுத்தினேன்.

இப்போது அதைச் சொல்கிறேன். அந்தக் காப்புக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பு முழங்கால் வலி தாங்க முடியாமல் இருந்தபோது, சந்தையில் வான் வண்டியில் வைத்து ஒலிபெருக்கியில் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு மூலிகைத் தூள் வாங்கினேன். எந்த ஊர் ஆள் என்றும் தெரியாது. பக்கெட் உறையில் பெயரும் கிடையாது. காலையில் வெறும் தேநீரில் ஒரு கரண்டி. மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. பிறகு விடவே இல்லை. டாக்டர்களிடம் சொல்லவில்லை. மூலிகை எப்படி மருந்தாகும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். வண்டியில் விற்றதை நம்பி வாங்கினேன் என்றால் வசந்தா திட்டுவாள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம்.

காப்புக் கட்டி ஒரு வாரம் ஆடினேன். ஒவ்வொரு நாளும் உடம்பிலிருந்து யாரோ எதையோ வடித்து எடுக்கிற மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. விரதக் களைப்பு என்று நினைத்தேன். எட்டாம் நாள் பகல், நடு லயத்தில் நாலாவது வீட்டு வாசல். தப்பு உச்சத்தில் போகிறது. ரதி என்னைச் சுற்றி வருகிறாள். வாந்தி வந்தது. கண் இருண்டது. கரும்பு வில்லோடு சாய்ந்தேன். ஜனங்கள் கைதட்டினார்களாம், நான் புதிதாக ஏதோ ஆட்டம் போடுகிறேன் என்று.

சிவலிங்கம் மட்டும் கைதட்டவில்லை. "மாஸ்டர், இது ஆட்டமில்ல!" என்று கத்தினானாம். ஆட்டோ வந்தது. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டலாமா என்று யாரோ இழுத்தார்கள். மாஸ்டர் ஒரே சொல்லில் முடித்தார்.

"ரதி புருஷன் கூடப் போகாம யார் கூடப் போவா? ஏறுடா."

அப்படியே சேலையும் அரிதாரமும் பொய்க் கொண்டையுமாகச் சிவலிங்கம் என்னை மடியில் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசலில் அனுமதித் துண்டு எழுதியவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "நோயாளிக்கு நீங்க யாரு?" என்று கேட்டார்.

"சம்சாரம்" என்றான், பதற்றத்தில்.

இரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்ததாம். சேலைன் ஏற்றினார்கள். முஸ்லிம் பெண் டாக்டர் ஒருவர் என் முகத்தையும் பிடரியையும் வயிற்றுக் கோடுகளையும் பார்த்தார். "வேற என்ன மருந்து குடிச்சாரு? மறைக்காம சொல்லுங்க" என்றார். நான் பேசும் நிலையில் இல்லை. பேசியிருந்தால் மறுபடியும் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிவலிங்கம் சொன்னான். "டொக்டர், இவன் ஏதோ தூள் குடிப்பான். போன மாசியில பொட்டல்லயே தேத்தண்ணியில கலக்கினத நான் கண்டேன். இந்த வருஷம் காப்புக் கட்டினதிலிருந்து தொடவேயில்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அத கொண்டு வாங்க" என்றாராம். உடனே ஒரு ஊசி போட்டார்கள். மாலைக்குள் கண் திறந்தேன். கட்டில் பக்கத்தில் வசந்தா. கையில் அந்தத் தூள் பக்கெட். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொயிட் என்ற கடுமையான மருந்தைக் கலந்துவிடுவார்களாம். அதுதான் வலியை மறைத்தது. அதுதான் உடம்பை ஊத வைத்தது. வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்ததால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிட்டது. நான் திடீரென்று நிறுத்தியதும் இரண்டும் இல்லாமல் போய் விழுந்தேன். "இனி நாங்க குளிசை தருவோம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்களா நிறுத்தினா உசிருக்கே ஆபத்து, விளங்கினதா?" என்றார். விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

தோட்டத்தில் கூத்து நிற்கவில்லை. மாஸ்டர் வேறொருவனை மன்மதனாக்கப் பார்த்தாராம். சிவலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. என் கரும்பு வில்லைக் கையில் ஏந்திக்கொண்டு ரதி தனியாக வீடு சுற்றினாள். அதுவரை எங்கள் தோட்டத்தில் நடக்காத காரியம். வீட்டுக்கு வீடு கேட்டார்களாம்.

"எங்கம்மா உன் புருஷன்?"

"பதுளைக்குப் போயிருக்காரு. வந்துருவாரு."

முதல் வீட்டில் சிரித்தார்களாம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து எனக்கென்று ஒரு துணி முடிச்சில் போட்டார்கள். என்னைக் கேலி செய்யாத வீடு எங்கள் தோட்டத்தில் கிடையாது. அத்தனை வீட்டுத் திருநீறும் வசந்தாவின் கையால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தது. அதை நெற்றியில் பூசிக்கொண்டு, ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த நமுனுகுலை மலையைப் பார்த்துப் படுத்திருந்தேன். மலைக்குப் பின்னால் என் தப்பு அடிக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கால் மட்டும் போர்வைக்குள் ஆடியது. அன்றைக்குப் போல நான் ஏங்கியதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நான் ஆட வேண்டும் என்று கேட்டேன். சாமி ஆட்டத்தை நிறுத்தினார். காப்பு விதி இல்லாவிட்டால் அந்தத் தூளை விட்டிருக்க மாட்டேன். விழாமல் இருந்திருந்தால் இன்னும் குடித்துக்கொண்டே இருந்து ஒருநாள் எழும்பாமலே போயிருப்பேன். கண்டுபிடித்துச் சொல் என்றுதானே வேண்டினேன்? அவர் சொன்னார். உடம்பில்லாத சாமி, சேலை கட்டிய சிவலிங்கத்தின் வாயால் சொன்னார்.

பத்து மாதம் குளிசை குறைத்துக் குறைத்து, கிளினிக்குக்கு நடந்து நடந்து, உடம்பு மெல்ல வடிந்தது. முழங்கால் வலி திரும்பி வந்தது. அது என் சொந்த வலி, அதற்கு வேறு வைத்தியம் நடக்கிறது. இந்த வருஷம் டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு காப்புக் கட்டினேன். குளிசையை விடக்கூடாது என்று டாக்டர் எழுதிய துண்டை மாஸ்டரிடம் காட்டினேன். அவர் அதைக் கம்பத்தடியில் வைத்து, "இதுவும் சாமி சொன்னதுதான்" என்றார்.

ஏழாவது மாசி. மேல் லயத்துப் படிகளில் ஆடிக்கொண்டே ஏறினேன். பின்னாலிருந்து ரதியின் குரல் வந்தது.

"மச்சான், மெதுவா போடா. கடைச் சாப்பாடு, எனக்கு மூச்சு வாங்குது!"

மூன்றாம் நாள் மாலை. வெள்ளைத் துணிக்கடியில் எரிந்த மன்மதனாகக் கிடந்தேன். ரதி அழுது கேட்டாள். துணி விலகியது. எழுந்தேன். முன் வரிசையில் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு வசந்தா நின்றாள். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கேலியா என்று உற்றுப் பார்த்தேன். கேலியில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது காரணம் தெரியாமல் உடம்பு ஊதினாலோ, வேறு எந்த வாதை இருந்தாலோ, வெட்கப்படாமல் சாமியிடம் சொல்லுங்கள். எந்தச் சாமியானாலும் சரி, உங்கள் பேச்சில் சொல்லுங்கள். அப்படியே டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாததும் சாமிக்குத் தெரியும். டாக்டருக்குச் சொன்னால்தான் தெரியும்.

நேர்த்தி தீர்ந்தது. "அடுத்த மாசிக்கு யாரைப் போடுறது?" என்று மாஸ்டர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கால் முந்திக்கொண்டது.