பியாட்ரிஸின் அம்பாசடர்

லிங்கராஜபுரத்தில் பியாட்ரிஸின் வெள்ளை அம்பாசடரைத் தெரியாதவர்கள் குறைவு. டெலிபோன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றபோது அவள் தன் பெயரில் வாங்கிய பழைய வண்டி அது. கணவர் ஓஸ்வால்டுக்கு ஓட்டவே தெரியாது. அவர் இறந்து ஆறு வருடமாகியும் அவருடைய தம்பி க்ளென் மட்டும் அதை ‘அண்ணன் வண்டி’ என்றே சொல்லிவந்தான்.

ஈஸ்டர் முடிந்ததும் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். இருபது நிமிடம் ஓடி என்ஜின் சூடானதும் இருமி இருமி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். மெக்கானிக் நாகேஷ் பிளக்கை மாற்றினான், காயிலை மாற்றினான். அப்படியும் சிக்னலில் நின்றது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பியாட்ரிஸ் வண்டியோடு நாகேஷின் ஷெட்டில் இருந்தபோது க்ளென் அங்கேயே வந்துவிட்டான்.

“அண்ணி, வைட்ஃபீல்ட்ல ஒரு ஹோட்டல்காரங்க கேக்கறாங்க. என்ஜினைக் கழட்டிட்டு வாசல்ல ஷோவுக்கு நிறுத்துவாங்களாம். குடுத்துடலாம்.”

“ஆமா சார், இனிமே சும்னே, வீண் அலைச்சல்தான்” என்றான் நாகேஷ், க்ளெனைப் பார்த்து.

பியாட்ரிஸ் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“ஸ்டார்ட் பண்ணு நாகேஷ். நிக்கற வரைக்கும் ஓடட்டும்.”

வண்டி நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். காயிலிலிருந்து வரும் ஒயரைக் காய்ந்த துணியால் பிடித்து, அதன் முனையை என்ஜினுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“இப்ப செல்ஃப் போடு.”

ஒயர் முனையில் வந்த பொறி மஞ்சளாக, சோர்ந்துபோய் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டுகளுக்கு நடுவிலோ நீலமாகப் பளிச்சிட்டது.

“பாத்தியா? வெளியே வரவேண்டிய பொறி உள்ளேயே எரியுது. கண்டன்சர்தான். சூடானா படுத்துக்குது.”

“போன வருஷம்தான் மேடம் புதுசு போட்டேன்.”

“புதுசுன்னா நல்லதுன்னு யார் சொன்னா? ஃபேக்டரியில ஒரு ஷிஃப்டுக்கு நானூறு கண்டன்சர் பத்தவெச்சவ நான்.”

நாகேஷ் மறுபடி க்ளென் பக்கம் திரும்பினான்.

“அவரை ஏன் பாக்கறே? வண்டி என்னுது. என்னைப் பாரு.”

ஷெட் அலமாரியில் கட்டைவிரல் அளவில் வேறொரு கண்டன்சர் கிடைத்தது. அவளே முடுக்கினாள். கருகிய பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தாள். வண்டி நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது.

“நின்ன இடத்துல ஓடறது பெரிசில்ல அண்ணி” என்றான் க்ளென். “ட்ராஃபிக்ல போகணுமே.”

“ஏறு.”

டின் ஃபேக்டரி சந்திப்பில் நெரிசல். கே.ஆர்.புரம் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. பின்னால் கேப்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அவள் ஒதுங்கவில்லை. ஜன்னல் வழியே அனல் வந்தது. க்ளெனின் சட்டை நனைந்துவிட்டது. என்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை.

வைட்ஃபீல்டில் அந்த ஹோட்டல் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“உள்ளே போய் நீயே சொல்லிட்டு வா. இது ஓடற வண்டின்னு.”

க்ளென் இறங்கிப் போனான். காவலாளி ஓடிவந்தார்.

“இங்கே நிறுத்தக்கூடாதும்மா. என்ஜினையாவது ஆஃப் பண்ணுங்க.”

“மாட்டேன்” என்று சொல்லி, ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள் பியாட்ரிஸ்.