பார்வைக்குத் தெரியும் வயது

விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய காகிதங்களில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்துவிட்டது. அம்மை குத்திய சீட்டு இருந்தது. நன்னடத்தைக்குக் கன்னியர் மடத்து மதர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் படித்த அன்னத்தாய்க்கே யாரோ ஒரு புண்ணியவதியைப் பற்றிப் படிக்கிற மாதிரி இருந்தது. மிச்சம் உடல்தகுதிச் சான்று. அதற்காகத்தான் 1937 ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் எஸ்தர் வேதசிரோமணியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"வயசு என்னம்மா?"

"பதினேழு முடிஞ்சிருச்சு டாக்டரம்மா. ஆனி நாலோட."

பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் பதினேழு நிறைந்திருக்க வேண்டும். அது அந்தப் பள்ளியின் முதல் நிபந்தனை. இங்கிலீஷில் அச்சடித்திருந்த சான்றில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, விண்ணப்பதாரர் தாமே சொல்லும் வயது. மற்றது, பார்வைக்குத் தெரியும் வயது. முதல் கட்டத்தில் டாக்டரம்மா பதினேழு என்று எழுதினார். இரண்டாவதுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"வாயைத் திற."

கடைவாய்ப் பற்களை விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்கள் பெண்களிடம் மட்டும் கேட்கும் ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றாள் அன்னத்தாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. மடத்து விடுதியில் முதல் வகுப்பிலிருந்து அவள்தான் குட்டை. வரிசையில் நிற்கச் சொன்னால் யாரும் சொல்லாமலே முன்னால் போய் நின்றுகொள்வாள். வாய்ப்பாடு எல்லாருக்கும் ஒரு நாளில் வந்தால் அவளுக்கு ஒரு வாரம் ஆகும். மக்கு என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரைத் துடைக்கப் பேய் மாதிரிப் படித்து, கடைசி இரண்டு வருஷத்தில்தான் தலை தூக்கினாள். அது போதாதென்று, கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய மனுஷி ஆகித் தாவணி மாற்றிக்கொண்டு வந்தபோது இவள் மட்டும் அப்படியே இருந்தாள். லீவுக்கு அம்மா வீட்டுக்கு ராஜபாளையம் போனால், அடுத்த தெருவில் தெலுங்கு பேசும் ராசுக்கள் வீட்டுப் பெண்கள் பாவம் என்பதற்கு "பாபம்" என்று உச்சுக் கொட்டுவார்கள். தமிழில் அதற்கு இன்னும் கொடுமையான வார்த்தை உண்டு. இருசி. கல்யாணத்துக்கு ஆகாதவள். அதைக் கேட்ட அன்றைக்குத்தான், எனக்குக் கல்யாணம் வேண்டாம், டாக்டருக்குப் படிக்கிறேன் என்று அவள் முடிவெடுத்தாள். ஊருக்குத் தொண்டு செய்ய ஆசைப்பட்டாள் என்றெல்லாம் சொன்னால் அது பொய்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உனக்குப் பதினேழுன்னு யார் சொன்னா?"

"சீட்டு இருக்கு டாக்டரம்மா. அதை வச்சுத்தான் மடத்துல சேர்த்தாக."

"உனக்கு ஒரு குறையும் இல்ல. பதினாலு வயசுப் புள்ள எப்படி இருக்கணுமோ அப்படி இருக்க. பதினேழுன்னு என் கையால எழுத மாட்டேன். கோயில்ல போயி ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து எழுதி வாங்கிட்டு வா. பொறவு பேசுவோம்."

அன்னத்தாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயது என்ன குடையா, எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வர. ஆனால் தெருவில் இறங்கியதும் நடையை எட்டிப் போட்டாள்.

கோயிலில் பங்குச் சாமியார் அலமாரியைத் திறந்து தடித்த புத்தகத்தை எடுத்தார். 1920, ஆனி. விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். வாசகம் லத்தீனில் இருந்தாலும் பெயரையும் எண்ணையும் அவளால் படிக்க முடிந்தது. அன்னத்தாய். தகப்பன் அருளப்பன், செண்பகத்தோப்பில் பாரஸ்ட் கார்டு. தாய் சூசையம்மாள். எல்லாம் சரி. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஆனால் சாமியாரின் விரல் அந்த வரியின் ஓரத்தில் நின்றுவிட்டது. அங்கே சிவப்பு மையில் ஒரு சிறு சிலுவை, பக்கத்தில் ஒரு தேதி. 1926, தை.

"அது என்ன சாமி?"

அவர் இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அது அடக்கப் புத்தகம். அதிலும் அதே பெயர், அதே தகப்பன், அதே தாய். வயது ஐந்தரை. காய்ச்சல். கல்லறைத் தோட்டத்தில் குழி எண் உட்பட எழுதியிருந்தது.

சாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ யாரு பிள்ளை?"

தன் சாவைத் தன் கண்ணாலேயே படித்தவள் என்ன சொல்வாள்? சாமியார்தான் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, 1923 பங்குனியில் நிறுத்தினார். அருளப்பன், சூசையம்மாள் தம்பதிக்கு இன்னொரு பெண். இருதயம்மாள். அந்த வரியின் ஓரத்தில் சிலுவை இல்லை.

ராஜபாளையத்துக்கு எந்த பஸ்ஸில் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று பிற்பாடு கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. அப்பா காய்ச்சலில் போன பிறகு, அம்மா அங்கே ஒரு பஞ்சு ஆலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை விட்டு வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அன்னத்தாய் யாரு?"

சூசையம்மாள் கையில் இருந்த சுள்ளி அப்படியே நின்றது. மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான், அன்னத்தாயாக வளர்ந்த இருதயம்மாளுக்கு ஒன்று உறைத்தது. ஊரே அவளை அன்னத்தாய் என்று கூப்பிட்டது. அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பாப்பா என்பாள், கோபம் வந்தால் ஏட்டி என்பாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. பிள்ளையும் அதைக் கவனித்ததில்லை.

"சாமியாரு சொல்லிட்டாரா?" என்று அடுப்பைப் பார்த்தே கேட்டாள் சூசையம்மாள். "உன் அக்கா. செண்பகத்தோப்புல கொசுவும் குளிரும் அம்புட்டுக் கெடக்கும். தை மாசம், வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடந்தா. உங்கப்பா தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடுனாரு. பாதி வழியிலயே முடிஞ்சு போச்சு. மாசியில உனக்கும் அதே காய்ச்சல். நீ பொழைச்சுக்கிட்ட. ஆனா மலையடிவாரத்துல வச்சிருந்தா அடுத்த வருசம் நீயும் போயிருவன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மடத்துல சேத்தா டவுனுல இருப்ப, மருந்து குடுப்பாக. அஞ்சு வயசு நெறையணும்னாக. உனக்கு மூணுதான். அவ ஞானஸ்நானச் சீட்டு பெட்டியில கெடந்துச்சு."

மடத்து வாசலிலேயே, தலைக்கு மேல் கையைச் சுற்றி மறு காதைத் தொடச் சொன்னார்களாம். எட்டவில்லையாம். மலைக் காய்ச்சல் கண்ட புள்ள, வளர்த்தி இல்லை என்று சூசையம்மாள் சொன்னாளாம். சீட்டில் ஆறு என்று இருந்தபடியால் நம்பிவிட்டார்களாம்.

"மக்குன்னு திட்டு வாங்கினேன்" என்றாள் மகள். "இருசின்னாக. உன் காதுபடத்தான சொன்னாக. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லணும்னுதான் வருவேன். சொல்லணும்னா அவ போயிட்டான்னு சொல்லணும்ல." சூசையம்மாள் சுள்ளியை அடுப்பில் திணித்தாள். "நீ அந்தப் பேருல நடமாடிக்கிட்டு இருந்த. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

இருதயம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில், வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. நான் மக்கு இல்லை. ஆறு வயதுப் பிள்ளைகளோடு மூன்று வயதில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இதை அந்த விடுதியில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு விஷயத்தைப் போட்டு உடைத்தார். இருதயம்மாள் ஒன்றாம் வகுப்புக்கூடப் படித்தவள் இல்லை. படித்துப் பாஸ் செய்தவள் அன்னத்தாய். அவள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. எந்தப் பெயரில் விண்ணப்பம் போட்டாலும் செல்லாது.

"ஒரே வழிதான் இருக்கு. உங்கம்மா மாஜிஸ்திரேட் முன்னால நின்னு சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுக்கணும். மூத்த புள்ள இறந்து போச்சு, படிச்சது எளைய புள்ளன்னு. அதோட கோயில் சீட்டு ரெண்டையும் வச்சு அனுப்பினா, பேரையும் வயசையும் மாத்தித் தருவாக. மூணு வருசம் காத்திருக்கணும். அதுக்குள்ள நீ இங்க வந்து எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணு."

சூசையம்மாள் மாட்டேன் என்றாள். ஜெயிலுக்குப் பயந்து சொல்கிறாள் என்று இருதயம் நினைத்தாள். பொய்ச் சீட்டுக் கொடுத்தவளைச் சும்மா விடுவார்களா என்று அவளுக்கும் பயம்தான். "ஜெயிலு கெடக்கட்டும்" என்றாள் சூசையம்மாள். "என் வாயால அதச் சொல்ல மாட்டேன்." ஒரு வாரம் அப்படியே போயிற்று. எட்டாம் நாள் இருதயம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அம்மா பக்கத்தில் வைத்தாள். "இது அவளோட பேரு. படிச்சது நான். இதச் சரி பண்ணலேன்னா நான் யாருமே இல்ல யம்மா." சூசையம்மாள் புத்தகத்தைத் தொடவில்லை. மறுநாள் ஆலைக்குப் போகாமல் தலை சீவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட் கச்சேரியில் குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பெயர், புருஷன் பெயர், ஊர். மளமளவென்று பதில் வந்தது.

"மூத்த மகள் பேரு?"

பதில் இல்லை.

"காது கேக்கலையாம்மா? மூத்த மக பேரு."

சூசையம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு எடுத்துவிட்டாள். "அன்னத்தாய்."

"உசுரோட இருக்காளா?"

"இல்ல. செத்துட்டா."

சொன்னதுதான் தாமதம், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏ அன்னத்தாயி, எஞ்செல்லமே என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நேற்றுத்தான் செத்த மாதிரி அழுதாள். கச்சேரிக்கு வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. மாஜிஸ்திரேட் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்டித்துச் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருதயம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாத ஓர் அக்காவுக்காக அன்றைக்குத்தான் அவளும் முதன்முதலாக அழுதாள்.

திருத்தின புத்தகம் வந்து சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் பெரிய மனுஷியும் ஆனாள். உச்சுக் கொட்டியவர்கள் வாயடைத்துப் போனார்கள். டாக்டரம்மாவிடம் கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டாள். 1940 ஆனியில் புது விண்ணப்பம் வந்தது. அதே மாதிரித் தாள், அதே இரண்டு கட்டங்கள். இந்தத் தடவை சூசையம்மாளும் கூட வந்து சுவரோரம் நின்றாள்.

"வயசு?" என்று வழக்கப்படி கேட்டார் டாக்டரம்மா.

"பதினேழு."

சொல்லும் வயது பதினேழு. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினார். மருத்துவப் பள்ளிக்கு வேண்டியது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதித் தாளை நீட்டினார்.

இருதயம் வாங்கக் கை நீட்டியபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

"அன்னத்தாய்க்கு இருவது ஆச்சு" என்றாள்.