ஊசி போடாத டாக்டர்

கைக்குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு பிடிப்பதில் ராஜபாளையத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. நான் நர்ஸாக இருந்த தனியார் ஆஸ்பத்திரியில், பால்குடிக் குழந்தை சளியும் இரைப்புமாக வந்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரே, ரத்தம், ட்ரிப், வேளைக்கு ஓர் ஊசி. குழந்தை வீறிடும், அம்மா அழுவாள், நான் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டு நிமிர்வேன். நாலைந்து நாளில் இரைப்பு அடங்கும். ஊசியால்தான் அடங்கியது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

அந்த மார்கழியில் புதிதாக ஒரு டாக்டர் சேர்ந்தார். சின்ன வயது, பேச்சு கம்மி. தேவதானத்திலிருந்து ஒரு தம்பதி மூன்று மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைச்சன் பிள்ளை. மூச்சு விடும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். உதட்டையும் நகத்தையும் பார்த்தார். அம்மாவைப் பால் கொடுக்கச் சொல்லி, குழந்தை குடிப்பதையும் பார்த்தார்.

"எக்ஸ்ரே வேண்டாம், ட்ரிப் வேண்டாம், ஊசி வேண்டாம்" என்றார் என்னிடம். "மூக்குல உப்புத்தண்ணி விட்டுச் சளியை எடுங்க. பாலைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கட்டும். உதடு நீலமானாலோ, பால் குடிக்கலைன்னாலோ என்னைக் கூப்பிடுங்க, ஆக்சிஜன் வைக்கலாம்."

நான் ஊசித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "மூணு மாசப் பிள்ளை சார்" என்றேன் எரிச்சலோடு.

"அதனாலதான் சிஸ்டர். இது வைரஸ், தானாப் போகும். நாம குத்துனா அழும். அழுதா இன்னும் மூச்சு வாங்கும்."

எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் தண்ணீர்க் குழாயடியில் குழந்தையின் அப்பா என்னிடம் வந்தார். மில் தொழிலாளி. "ஏன் சிஸ்டர், வந்து இம்புட்டு நேரமாச்சு, ஒரு ஊசி கூடப் போடலையே. பிள்ளையக் கைவிட்டுட்டாங்களா?"

அப்போது எங்கள் பக்கம் அப்படித்தான். ஊசி போடாத டாக்டர் என்றால் ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, இல்லையென்றால் பிள்ளை பிழைக்காது. அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. குழந்தை காலையிலிருந்து நன்றாகப் பால் குடிப்பதை நானே பார்த்திருந்தேன். அதைச் சொன்னேனா? என் வாய் சும்மா இருந்தால்தானே! "என்னையக் கேட்டா, செத்த நேரம்கூட இங்க வச்சிருக்க மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போங்க, ட்ரிப் போடுவாங்க" என்றேன். டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வந்தார்கள். இரைப்பு போயிருந்தது. இடது காலில் பெரிய கட்டு. அங்கே ஒரு கிளினிக்கில், தலையில் நரம்பு பார்க்க முடியைச் சிரைக்கப் போயிருக்கிறார்கள். குலசாமிக்கு நேர்ந்த முதல் முடி, தொடாதீர்கள் என்று அம்மா கும்பிட்டிருக்கிறாள். அதனால் காலில் ஏற்றி, மருந்து அட்டைப்பெட்டியை வெட்டி முட்டுக்கொடுத்து, அவிழ்க்கக் கூடாது என்று கட்டிவிட்டார்கள். உள்ளே ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்தெல்லாம் சதையில் இறங்கியிருக்கிறது. பிள்ளை கத்தித் தீர்த்திருக்கிறது. மூச்சு முட்டித்தான் அழுகிறது என்று நினைத்து, அந்தக் கட்டு அவிழாமல் இவள் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

கட்டைப் பிரித்தேன். பாதத்தின் மேல் தோல் கறுத்துச் செத்துப்போயிருந்தது.

"யார் உங்களைப் போகச் சொன்னது?" என்றார் டாக்டர்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நாங்களாத்தான் போனோம் சார்."

வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களக் காட்டிக் குடுப்பேனா சிஸ்டர்? நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா எனக்கு எம்பிள்ள ஏது?"

இரண்டு மாதம் அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் நான்தான். ஒவ்வொரு முறையும் அவள் நன்றி சொன்னாள், ஒவ்வொரு முறையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். புண் ஆறியபோது தோல் சுருண்டு, இரண்டு விரல்கள் மேலே தூக்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு இரைப்போடு வந்த குழந்தைகளுக்கு அந்த டாக்டர் சொன்னபடியே செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன், மூக்கைச் சுத்தம் செய்தேன். அநேகம் பிள்ளைகள் ஒரு குத்தும் படாமல் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மூத்தவள் விந்தி விந்தி நடந்து வர, அந்தத் தேவதானத்து அம்மா இன்னொரு கைக்குழந்தையோடு வந்தாள். ஆண்பிள்ளை. அதே இரைப்பு. டாக்டர் பார்த்துவிட்டு முன்பு சொன்னதையே சொன்னார். இந்த முறை அவள் கலங்கவேயில்லை. நேரே என்னிடம் வந்து, பிள்ளையின் காலைத் துணியிலிருந்து வெளியே எடுத்து நீட்டினாள்.

"அவிய சொல்லுறத விடுங்க, நீங்க போடுங்க சிஸ்டர். வடு விழுந்தா விழுந்துட்டுப் போவுது. உசுருல்ல பெருசு."

அந்தக் காலைத் துணிக்குள் வைத்து மூடினேன். "இவனுக்கு ஊசி வேண்டாம்மா. அன்னைக்கும் தேவைப்படல. டாக்டர் சொன்னதுதான் சரி. நான்தான் வாய்க்கொழுப்புல தப்பாச் சொல்லி ஒங்களை அனுப்பிட்டேன்."

அவள் திரும்பி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவளைப் பார்த்தாள்.

"அப்போ இவ காலு சும்மாவா போச்சு சிஸ்டர்?"

"ஆமா" என்றேன்.

மூன்று நாள் இருந்தாள். வேறு எங்கும் கொண்டு போகவில்லை. பையன் ஊசி படாமல் வீட்டுக்குப் போனான். அவள் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.