மின்மினிக்கு மாற்றாள்

அணுமின் நிலையக் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் முடிவெட்டும் கடையில் ஒரு வதந்தி உலவுகிறது. கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் பெரியவர் உடம்பில் கதிர்வீச்சு ஏறிவிட்டதாம். இருட்டில் மினுமினுப்பாராம். வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்றுதான் ஓய்வு கொடுக்காமல் உள்ளேயே வைத்திருக்கிறார்களாம். கடைக்காரர் ஒரு முறை அவருக்கு முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது, ஏதோ கைபட்டதுபோல விளக்கை அணைத்தே பார்த்துவிட்டார். "ஒண்ணும் தெரியலீங்க. ஆனா பட்டப்பகல்ல எப்படித் தெரியும், சொல்லுங்க?" என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து தெருவில் பெரியவருக்குப் பெயர் மின்மினி.

வதந்தி என்று வந்துவிட்டால் விசாரிக்காமல் இருக்க முடியுமா? விசாரித்ததில் பாதி பொய், பாதி நிஜம். மின்மினியின் சட்டையில் தொங்கும் கதிர்வீச்சு அட்டை வருஷம் முழுக்கச் சேர்த்துக் காட்டும் அளவு, விமானப் பணிப்பெண் ஒருத்தி ஆகாயத்தில் பறந்தே வாங்கிக்கொள்வதைவிடக் குறைவு. ஆக, மினுமினுப்பு பொய். நிலையம் அவரை விடவில்லை என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

மின்மினியின் அப்பா பேருந்து ஓட்டியவர். வாழ்நாள் முழுக்கப் பள்ளத்திலும் மேட்டிலும் இடுப்பைக் கொடுத்தவர் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆடாம அசையாம உக்கார்ற வேலையாப் பாருடா." மகன் அப்பா சொல்லைத் தட்டவில்லை. அணு உலையின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். முள் அசையக் கூடாது, அசைந்தால் ஏன் என்று தெரிய வேண்டும், அதுதான் வேலை. அவருடைய பணிக்கால வரலாற்றை எழுத உட்கார்ந்தால் ஒரே வரியில் முடிந்துவிடும்: ஒன்றும் நடக்கவில்லை. அதற்குத்தான் சம்பளம். நாலு பெரிய ஊர்களில் மின்விசிறி சுற்றுகிறது, புகை இல்லை, கரி இல்லை. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் ஒரு ஆளும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலை வெடித்தால்தானே செய்தி?

இந்த வேலைக்கு ஓர் உரிமம் வேண்டும். காரோட்டும் உரிமம் போன்றதல்ல அது. காரோட்டி எந்த வண்டியிலும் ஏறிக்கொள்ளலாம். இவருடைய உரிமம் இந்த ஓர் உலைக்கு மட்டும். பக்கத்து மாவட்டத்து உலைக்குப் போனால் நாற்காலிகூடத் தர மாட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. மாற்றாள் வந்து, பலகை முழுவதையும் பார்த்து, "பொறுப்பு என்னுது" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை, இருப்பவர் எழுந்திருக்கக் கூடாது. மழை, வெள்ளம், பெண்டாட்டிக்குப் பிரசவம், எதுவானாலும் சரி. மின்மினியின் மகள் பிறந்த செய்தி வந்தபோது மாற்றாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தில் மாட்டியிருந்தார். மகளை அவர் முதலில் பார்த்தபோது அவளுக்குப் பெயரே வைத்தாகிவிட்டது.

ஓய்வு வயது வந்தபோது கேக் வெட்டினார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் மேலாளர் வீட்டுக்கு வந்தார். உலைக்கு ஆயுள் நீட்டித்திருக்கிறார்கள், ஆள் போதவில்லை, ஒரே ஒரு வருஷம். உலைக்கு நீட்டித்தபோதெல்லாம் அதன் உதிரிபாகம்போல அவருக்கும் நீட்டித்தார்கள். மூன்று முறை கேக், மூன்று கடிகாரம். வரவேற்பறைச் சுவரில் மூன்றும் வரிசையாக, மூன்று விதமாக மணி காட்டிக்கொண்டு நிற்கின்றன.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. வருஷாந்திர மருத்துவப் பரிசோதனையில் தோற்றால் உரிமம் தானாகப் போய்விடும். மின்மினி முறையாக உழைத்தார். சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டார், நடையை நிறுத்தினார், பரிசோதனைக்குக் கிளம்புமுன் பெண்டாட்டியோடு வேண்டுமென்றே சண்டை போட்டார். மருத்துவர் கருவியை அவிழ்த்துவிட்டு, "பையனுக்கு இருக்குற ரத்த அழுத்தம் சார் உங்களுக்கு. என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சொந்த உடம்பே நிர்வாகத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது.

பெண்டாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தூரத்து ஊர். போனில் அவள் முதலில் கேட்பது, "உங்க மூத்தவ எப்படி இருக்கா?" உலையைத்தான் சொல்கிறாள்.

"நல்லா இருக்கா. சூடாத்தான் இருக்கா."

"அவளை விட்டுட்டு வர மனசு வராதே."

"எனக்கு வருது. அவதான் விடல."

இந்த முறை நிஜமாகவே விடுவதாக இருந்தது. விதிப்படி உரிமக்காரர்கள் ஐந்து பேர் இருந்தாக வேண்டும்; அவரோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். மாதக் கடைசியில் அவர் போகலாம் என்று மேலாளர் கையெழுத்தே போட்டுவிட்டார். மகள் வீட்டு மாடி அறையில் கட்டில் வந்து இறங்கிவிட்டது. பெண்டாட்டி போனில் அதன் நீள அகலத்தை இருமுறை சொன்னாள்.

இனி நிலையத்துக்கு எதிரே இருக்கும் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடியில் ஒன்று எழுந்திருக்கிறது. இங்கே அணுவைப் பிளக்கிறார்கள். அங்கே சேர்க்கப் பார்க்கிறார்கள். சூரியனின் நடுவைவிடச் சூடான ஒன்றை, எதிலும் படாமல், கடுங்குளிரில் உறைய வைத்த காந்தங்களுக்கு நடுவே அந்தரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். எட்டு நொடி நிறுத்திவிட்டார்கள். அதற்கு அவர்களும் கேக் வெட்டினார்கள். அந்த எட்டு நொடிக்கு வேண்டிய மின்சாரம் மின்மினியின் உலையிலிருந்துதான் போனது. கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வரும் நாள் ஒன்று உண்டாம். அந்த நாள் மட்டும் இன்னும் வரவில்லை. அப்படியும் படித்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போய் விழுகிறார்கள்.

மின்மினிக்கு மாற்றாளாக வருவது ஒரு பெண்மணி. நாற்பதைத் தொட்டவள், பள்ளிக்கூடம் போகும் மகள் உண்டு, வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கடைவாய்ப் பல்லு. இன்னைக்கே பிடுங்கணுமாம். என் ஷிஃப்டையும் சேத்துப் பாத்துடுங்களேன். பின்னாடி திருப்பிடறேன்."

"போம்மா. பல்லாவது ரிட்டையர் ஆகட்டும்."

இரண்டு ஷிஃப்டையும் அவரே பார்த்தார். மறுவாரம், பயிற்சி நாளன்று இருவரும் கேண்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வறுத்த கடலையை வாயில் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தாள், பிடுங்கிய பக்கமாகவே. எந்த முள் அசைந்தாலும் கவனிக்கும் கண்ணுக்கு இது தப்புமா?

"அதுக்குள்ள முளைச்சிடுச்சா?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "பல்லு ஒண்ணும் பிடுங்கலைண்ணே. எதிர்ல இன்டர்வியூ."

மின்மினி டம்ளரைக் கீழே வைத்தார். தன்னைப் பூட்டிய சாவியை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்பது மெதுவாக உறைத்தது. அவள் போனால் மீதி ஐந்து பேர். ஐந்தில் அவரும் ஒருவர். இன்னொருவரைத் தயார் பண்ண வருஷக்கணக்காகும்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"அவங்க பத்து வருஷத்துல கரண்ட் தர்றோம்னு சொல்லி முப்பது வருஷம் ஆச்சு, தெரியுமில்ல?"

"தெரியும். உங்க ரிட்டையர்மென்ட் மாதிரிதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவங்க உலையோட உள்சுவரெல்லாம் அந்தச் சூட்டோட அடி தாங்காதுங்கறாங்க. எரிபொருளுக்கே தட்டுப்பாடாம். நாளைக்கு மூடிட்டா தெருவுல நிப்ப."

"நிப்பேன். ஆனா அங்க ஏதாவது தப்பாப் போச்சுன்னா அது பாட்டுக்கு அணைஞ்சுடும். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நம்மளது அணைச்ச பிறகும் சுடுது. எரிஞ்சு முடிஞ்சத வெளிய எடுத்து வச்சாலும் தண்ணிய ஊத்திக்கிட்டு ஒரு ஆள் பக்கத்துலயே நிக்கணும். எத்தனை தலைமுறைக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அதுக்குத்தானே நாம இருக்கோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பிறகு அவள் கடலைப் பொட்டலத்தை மடித்தபடி சொன்னாள்: "அண்ணே, நீங்க இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன். அண்ணி பாவம். மாசக் கடைசியில நீங்க கிளம்புங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

இரு என்பது இரண்டே எழுத்து. மின்மினி வாயைத் திறந்தார். மாடி அறையும் கட்டிலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அப்போது அவள், பேச்சை மாற்றுகிறவள்போல, "உங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கீங்களே மூணு கடிகாரம். அதுல சரியான மணி எது?" என்று கேட்டாள்.

"எதுவும் இல்ல" என்றார் மின்மினி. அடுத்த கடிகாரங்கள் இவள் வீட்டுச் சுவரில் ஏறும் என்று தோன்றியது. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. "போய்த் தொலை. ஆனா ஒரு ஷிஃப்ட் பாக்கி வச்சிருக்க. பல்லு பேரைச் சொல்லி வாங்கினது. அதைத் திருப்பாம எங்க போனாலும் விடமாட்டேன்."

"திருப்பிடறேண்ணே" என்றாள் அவள். கண்ணை எதற்கோ துடைத்துக்கொண்டாள். கடலைத் தூசியாக இருக்கலாம்.

பதினைந்தே நாளில் அவள் சாலையைக் கடந்துவிட்டாள். மேலாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மின்மினியின் ஓய்வு அனுமதியைத் திரும்ப வாங்கிப் போனார். போகிற போக்கில் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தார். "நாலாவது கடிகாரம் சார். முன்னாடியே வாங்கிட்டோம். கடையில திருப்பி எடுக்க மாட்டேங்குறான். வச்சுக்குங்க."

அன்று மாலை போனில் பெண்டாட்டி கேட்டாள்: "மூத்தவளுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"இருந்த ஆளையும் நானே அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் பேரன் ஒருவன் எதையோ தள்ளிவிடும் ஓசை கேட்டது. பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

முடிவெட்டும் கடையில் வதந்தி இப்போது முற்றிவிட்டது. அந்தப் பெண்மணிக்கு ஒளி தெரிந்துவிட்டதாம், பயந்து ஓடிவிட்டாளாம். கடைக்காரர் அடுத்த முறை கதவையும் சாத்திவிட்டு விளக்கை அணைத்துப் பார்ப்பதாக இருக்கிறார். மின்மினி மறுத்துப் பேசுவதில்லை. ஆள் மினுமினுத்தாலாவது ஒருவேளை வெளியே அனுப்புவார்களோ என்று அவருக்கே ஒரு சபலம்.

எதிர்க் கட்டடத்தில் தங்கள் சூரியனைக் கொளுத்துமுன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. திடீரென்று அவ்வளவு மின்சாரத்தை இழுத்தால் முள் ஆடும். நேற்றுப் பிற்பகல் மேசைத் தொலைபேசி அடித்தது. பழகிய குரல்.

"அண்ணே, எட்டு செகண்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறோம்."

"எடுத்துக்க. என் ஷிஃப்ட் எப்பத் திரும்பி வரும்?"

"இங்க எழுதி வாங்கிட்டாங்கண்ணே. வேற எங்கயும் ஒரு மணி நேரம்கூட வேலை பாக்கக் கூடாதாம். என் உரிமம் வருஷக் கடைசி வரைக்கும் உயிரோடதான் இருக்கு. கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"கேளு. ஒரு நாள் கிடைச்சாலும் போதும். போய்க் கட்டிலைப் பாத்துட்டு வந்துடுவேன்."

"ஆரம்பிக்கறோம்ணே."

முள் சற்றுத் தாழ்ந்து நின்றது. மின்மினி எண்ணிக்கொண்டே பார்த்தார். எட்டு முடிந்ததும் அது பழைய இடத்துக்கு வந்தது. எடுத்துக்கொண்டது எதுவும் திரும்பி வரவில்லை. சுவரில் ஷிஃப்ட் பலகையின் ஓரத்தில், அவள் இடத்துக்கு நேரே, அந்த ஒரு ஷிஃப்ட் பாக்கிக்காக அவர் போட்ட ஒற்றைக் கோடு அப்படியே இருக்கிறது. பலகையைத் துடைக்க வருபவரிடம் அவர் சொல்லி வைத்திருக்கிறார்: மற்றதையெல்லாம் அழி, அதில் கைவைக்காதே.